இலண்டன் நேரத்தில் சிரித்த பிள்ளை

என் மகன் விமானத்தில் வந்து இறங்கினால் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பாடம் நடக்கும். ஏறி உட்கார்ந்ததுமே கைக்கடிகாரத்தைப் போகிற ஊர் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டுமாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம், காப்பியைத் தொடக் கூடாதாம். இறங்கிய ஊரில் காலை வெயில் முகத்தில் படும்படி நடக்க வேண்டுமாம். கண் சொருகினாலும் பகலில் தலையைச் சாய்க்கக் கூடாதாம். தலை முழுக்க நரைத்தவன், என்னைப் பெற்றவன் மாதிரி விரலை நீட்டி நீட்டிச் சொல்லுவான். எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

"அடேய், ஜெட் லேக் என்கிற பேரே இந்த ஊருக்கு வராத காலத்தில் அது வந்து குடியேறியது நம் வீட்டில்தான். அதற்காக உன்னைத் தவிட்டுக்கு விற்றோம், தெரியுமா?" என்பேன். அவனும் விழுந்து விழுந்து சிரிப்பான். அவனுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் சொன்னால் என்ன, யார் என்னைப் பிடித்துக் கட்டிப்போடப் போகிறார்கள்?

மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். பாதி கல், பாதி பலகை, மேலே தகரக் கூரை. மாமனார் மாமியார் இல்லை. வீட்டை ஆண்டவர் என் வீட்டுக்காரரின் அக்கா, தாலியறுத்துத் தம்பியோடு வந்து தங்கிவிட்டவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. ஆனால் வாய் இருக்கிறதே, மலாக்கா ஆறு மாதிரி, ஏற்றமோ இறக்கமோ ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கும் வாய் குறைவில்லை. ஆகவே வீடு கலகலப்பாகத்தான் இருந்தது.

முதல் பிள்ளை அந்த வீட்டில்தான் பிறந்தாள். பெண் பிள்ளை. சிரிக்கக்கூடப் பழகவில்லை. 'ங்கா' சொல்லத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான். ஒருநாள் பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் எழவில்லை, பாலுக்கு வாய் திறக்கவில்லை. நல்ல பிள்ளை, அம்மாவைப் படுத்தாமல் தூங்குகிறாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. அதற்கும் மறுநாள் அவள் இல்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மேல்பயிற்சிக்கு இங்கிலாந்து போக அவருக்கு ஏற்கெனவே உத்தரவு வந்திருந்தது, கப்பலுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. "இடம் மாறினா மனசு மாறும், அவளையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று அண்ணி தம்பியிடம் சொன்னார். அழுவதற்கு நேரமில்லாமல் பெட்டி கட்டினேன். கப்பலில் இராத்திரிதோறும் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்கள். எங்கள் உடம்புக்குத் தெரியாமலே இலண்டன் நேரம் வந்துவிட்டது. அழுகையும் அப்படித்தான், எனக்குத் தெரியாமலே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் அங்கே இருந்தபோதுதான் இங்கே மெர்டேக்கா, சுதந்திரம், வந்தது. ஊரே தெருவில் நின்று கத்தியதாம், நாங்கள் ரேடியோவில் கேட்டோம். அப்புறம் மகன் பிறந்தான். அவன் உட்காரப் பழகிய சமயத்தில், புது நாட்டுக்கு வாத்தியார்கள் அவசரமாகத் தேவை, கப்பலில் ஆடி அசைந்து வரவேண்டாம், விமானத்திலேயே வாருங்கள் என்று டிக்கெட்டை அனுப்பிவிட்டார்கள். ஜெட் விமானம். எங்கள் தெருவில் இருந்து அதில் ஏறியவர்கள் அதற்கு முன்னால் யாருமில்லை. வழியில் எந்தெந்த ஊரிலோ இறக்கி ஏற்றினார்கள். ஓர் ஊரில் விடிந்தது, அடுத்த ஊரில் உடனே இருட்டியது. சிங்கப்பூரில் இறங்கி, கார் பிடித்து, மூவாரில் ஃபெர்ரிக்குக் காத்திருந்து, மலாக்கா வந்து சேர்ந்தபோது நட்ட நடுப்பகல். பிள்ளை என் தோளில் துவைத்த துணி மாதிரி தொங்கினான்.

அண்ணி ஆரத்தி சுற்றினார். "என்னாம்மா, புள்ளைய இப்படித் தூங்க வெச்சிக்கிட்டே கொண்டாந்துட்ட?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் எங்கள் பழைய அறையில் விழுந்தோம்.

அந்த அறையில் முன்பிருந்த சாமான் ஒன்றுகூட இல்லை. நான் பார்த்து மனம் நோகக் கூடாது என்று அண்ணி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தார். மூலையில் உத்திரத்தில் அடித்திருந்த இரும்புக் கொக்கி மட்டும் மிச்சம். பெண்ணின் ஏணையை அதில்தான் கட்டியிருந்தோம். கொக்கியைப் பிடுங்கினால் உத்திரம் பிளந்துவிடும் என்று தச்சர் சொல்லிவிட்டாராம். நான் அந்தப் பக்கம் பார்க்காமல், மகனுக்குச் சன்னலோரம் வேறு ஏணை கட்டினேன்.

இரண்டு நாளில் என் வீட்டுக்காரர் வேலை உத்தரவு வாங்கக் கோலாலம்பூர் போய்விட்டார். வர நாளாகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று இராத்திரி ஊர் அடங்கி வெகுநேரம் கழித்து எனக்கு முழிப்பு வந்தது. முழிப்பென்றால் சாதாரண முழிப்பில்லை, குளித்துப் பொட்டு வைத்துக் கடைக்குக் கிளம்பலாம் போல அப்படி ஒரு முழிப்பு. விளக்கைப் போட்டேன். பிள்ளை ஏணையில் எழுந்து உட்கார்ந்திருந்தான். துணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டி அந்த மூலையைப் பார்த்தான். வாயெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கினான், தூக்கச் சொல்லும்போது நீட்டுவானே, அதே மாதிரி. மூலையில் யாருமில்லை. கொக்கியும் அதன் நிழலும்தான்.

நான் அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். தலையைத் திருப்பி மறுபடியும் மூலையைப் பார்த்தான், கெக்கெக்கென்று சிரித்தான். கீழ்வானம் வெளுக்கும்வரை இதே விளையாட்டு. வெளுத்ததும் தூங்கியவன், தூங்கியவன்தான். காதைத் திருகினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். ம்ஹூம்.

அடுத்த இராத்திரியும் அதே நேரத்தில் அதே மூலை, அதே சிரிப்பு. மூன்றாவது இராத்திரி சத்தம் கேட்டு அண்ணி எழுந்து வந்தார். வாசற்படியில் நின்று பிள்ளையைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார்.

"அக்காக்காரி கூப்புடுறா" என்றார். "தம்பிகூட வெளையாட வந்திருக்கா."

"வாயை வைச்சுக்கிட்டுச் சும்மா இருங்க அண்ணி" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, பிள்ளையை அள்ளி அவர் பக்கத்தில் ஓடி நின்றுகொண்டேன்.

பகலில் என் கதை இன்னும் மோசம். சோற்றில் கை வைத்தபடியே தூங்கினேன். மீன் கழுவிக்கொண்டே தூங்கினேன். அது தூக்கமில்லை, கிணற்றில் விழுவது போல இருந்தது. ஒருநாள் கண் விழித்தபோது அறை மங்கலாக இருந்தது. விடியலா, அந்தியா? இலண்டன் அறையின் கூரையில் ஓர் ஈரக்கறை இருக்கும், அதைத் தேடினேன். அது இல்லை, கொக்கி இருந்தது. நான் எந்த ஊரில் கிடக்கிறேன், எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒரு கணம் தெரியவில்லை. மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. எந்தப் பிள்ளைக்குச் சுரந்த பால் என்றும் தெரியவில்லை. அண்ணி குங்குலியச் சட்டியோடு வந்து திட்டத் தொடங்கியபோதுதான் உலகம் திரும்ப வந்தது.

"வெளக்கு வைக்கிற நேரத்துல பொம்பள படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா? மலாய்க்காரங்ககூட மக்ரிப் நேரத்துல தூங்க மாட்டாங்க லா."

"நான் வேணும்னா தூங்குறேன்? கண்ணு தானா மூடுது."

"மூடுது இல்ல, மூட வைக்குது" என்றார் அவர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானே பலரைக் கேலி செய்தவள். ஆனால் பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தான். பகலில் பால் இறங்கவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். மூத்தவளும் பகலெல்லாம் தூங்கித்தான் போனாள். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. பிள்ளை தூங்கும்போது இரண்டு பேரும் மாறி மாறி அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தோம். இவனும் போய்விட்டால் நான் அந்த மூலையிலேயே கயிறு மாட்டிக்கொள்வேன் என்று மனதுக்குள் முடிவே செய்திருந்தேன்.

"வித்துடலாம்மா" என்றார் அண்ணி.

விற்பது என்றால் எங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். பிள்ளை நிலைக்காத வீட்டில், அடுத்த பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது. தேடிவருவது எதுவோ, இது அவள் பிள்ளையில்லை என்று ஏமாந்து போய்விடும். பிறகு ஊரான் பிள்ளையை வளர்ப்பது போலப் பெற்றவளே வளர்ப்பாள்.

பக்கத்து வீட்டில் ஒரு சிட்டி அம்மாள் இருந்தார், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலாக்கா வந்து மலாய்ப் பேச்சுக்கே மாறிவிட்ட தமிழ் வம்சம். தெருவே அவரைப் பீபி என்றுதான் கூப்பிடும். கெபாயாச் சட்டையும் கைலியும் உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். மாரியம்மனைக் கும்பிடுவார், தமிழ் ஒரு வார்த்தை வராது. மலாய்தான் வீட்டுப் பேச்சு. பெற்ற பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை, வாத்து வளர்த்தார். அண்ணி வேலியோரம் நின்று மலாயில் விஷயத்தைச் சொன்னதும், அந்த வழக்கம் அவர்களுக்கும் உண்டு போல, ஏன் எதற்கு என்று அவர் கேட்கவேயில்லை. வாத்துக்கு வைத்திருந்த தவிட்டை ஒரு தகர டப்பாவில் எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார்.

பிள்ளையை முறத்தில் கிடத்தி நான் வாசற்படிக்கு உள்ளே நின்றேன். பீபி வெளியே நின்றார். முறம் கைமாறியது, தவிடு என் மடியில் விழுந்தது. அண்ணி உரக்க, வீடு முழுக்கக் கேட்கும்படி, "இது யாரு புள்ள?" என்று கேட்டார்.

"அனாக் சாயா" என்றார் பீபி, சொல்லிவைத்தபடி. என் பிள்ளை என்று அர்த்தம்.

அதை நானும் சொல்ல வேண்டும். "அவங்க புள்ள" என்றேன்.

விற்ற கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணி விடவில்லை. மூலை அமைதியாகும்வரை பிள்ளை அங்கேயே தூங்கட்டும், பகலில் நீ போய்ப் பால் கொடு, விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கமே போகாதே என்றார். வழக்கத்தில் அப்படியெல்லாம் இல்லை. அவர் பயத்தில் அவராகச் சேர்த்துக்கொண்டது. என் பயத்தில் நானும் தலையாட்டினேன்.

பீபி வீட்டில் பிள்ளையைத் தூங்கவிட ஆளில்லை. காலையிலேயே இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாசாருக்கு, சந்தைக்குப் போவார், வெயிலில் வாத்துகளுக்கு நடுவில் உட்கார வைப்பார், பக்கத்திலேயே மிளகாய்ச் சம்பால் இடிப்பார். இரண்டாம் நாளே பிள்ளை இராத்திரி அசையாமல் தூங்கினான். காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சுடா தீடோர், சுடா தீடோர்", தூங்கிவிட்டான் என்று அவர் சைகையோடு சொன்னபோது அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். என் மகன் இப்போது எனக்குச் சொல்லித்தரும் வெயில் வைத்தியம் அதுதான். அன்று யாருக்குத் தெரியும்? மூத்தவள் ஏமாந்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

எனக்கு வெயிலும் இல்லை, வாத்தும் இல்லை. பிள்ளை இல்லாத அறையில் பகலெல்லாம் விழுந்து கிடந்தேன். இராத்திரி முழித்தேன்.

முதல் இராத்திரி கொக்கி முனகியது. காற்றில்லை, அதில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. பாரம் ஏற்றிய ஏணை மெதுவாக ஆடும்போது இரும்பு முனகுமே, அந்தச் சத்தம். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். இரண்டாம் இராத்திரி சத்தம் நின்ற இடத்தில் ஒரு சின்ன மூச்சு. அப்புறம், 'ங்கா'.

மகன் அந்தச் சத்தத்தையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டான். இது அவனுடையது இல்லை. இது யாருடைய குரல் என்று என் மார்புக்குத் தெரிந்தது, பால் தானாகக் கொட்டியது. பயந்தேனா என்றால் பயந்தேன், பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குப் பயந்தேன். ஆனாலும் எழுந்து போய் அந்த மூலையில் தரையில் உட்கார்ந்தேன். "வந்துட்டியாடி?" என்று கேட்டேன். அவள் செத்த அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. அண்ணிக்குக் கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

காலையில் அண்ணி கேட்டார், "ராத்திரி ஏதும் உண்டா?"

"உண்டு" என்றேன். பொய் சொல்லி மகனைக் கூட்டிவந்து, ஏதாவது ஆகிவிட்டால்? "போன்னு சொல்லு. பெத்தவ வாயால சொன்னாத்தான் போவா" என்றார் அண்ணி. சரி என்றேன். இராத்திரி மூலையில் போய் உட்கார்ந்ததும், போ என்று சொல்லத் திறந்த வாயில் வா என்றுதான் வந்தது. மறுநாளும் அப்படித்தான். தூங்கினாயா, பசித்ததா, இத்தனை நாள் தனியாகவா கிடந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கப்பலில் அழாததை எல்லாம் சொன்னேன். இலண்டன் பனியைப் பற்றிக்கூடச் சொன்னேன். பதிலுக்கு ஒரு 'ங்கா', சில சமயம் வெறும் மூச்சு.

பகலில் வேலிக்கு அந்தப் பக்கம் போனால் வேறு நெருப்பு. பீபியின் இடுப்பில் இருந்து நான் வாங்கினால் மகன் முகத்தைச் சுளித்து அழுதான், அவர் தோளுக்கே தாவினான். பீபிக்கும் கை பிரிய மனமில்லை. கன்னம் தேறியிருந்தது, தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. என் பிள்ளை பிழைத்துவிட்டான், ஆனால் என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்தான். பெற்ற மனம் பித்து என்பார்கள். என் பித்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிழிந்தது. அவனைத் திருப்பி வாங்க இவளைத் துரத்த வேண்டும். துரத்தத்தான் வாய் வரவில்லை.

போ என்று நாளைக்குச் சொல்லிவிடுவேன், கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று தள்ளிக்கொண்டே, ஒருநாள் பீபி வீட்டு வெயிலிலேயே பகல் முழுக்க மகனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் மறுபடி என்னிடம் ஒட்ட வேண்டுமே என்ற வெறி. கண் எரிந்தது, தலை சுற்றியது, படுக்கவில்லை. அன்று இராத்திரி படுத்தேன். அடுத்து நான் கேட்டது தெருவில் ரொட்டிக்காரர் அடித்த மணி. சன்னலில் வெளிச்சம்.

இராத்திரி முழுக்கத் தூங்கியிருந்தேன்.

"ஏதும் உண்டா?" என்று அண்ணி கேட்டார். "ஒன்னும் இல்ல" என்றேன். அடுத்த இராத்திரியும் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததும். அண்ணி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். பீபி மகனைக் குளிப்பாட்டி, முகத்துக்குப் பூசு மாவு போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போனார். அவர் சாகும்வரை அவன் அவரை 'மாக்', அம்மா, என்றுதான் கூப்பிட்டான். அவர் போனபோது மொட்டையும் போட்டுக்கொண்டான்.

வெகுகாலம் கழித்துத்தான் நானாக ஒன்றைக் கணக்குப் பார்த்தேன். இங்கே ஊர் அடங்கியிருக்கும் அந்த வேளை, இலண்டனில் சாயங்காலம். அவன் அப்பா வகுப்பு முடிந்து கதவைத் திறந்துகொண்டு வருகிற நேரம். எங்கள் இலண்டன் அறையில் அந்தக் கதவு மூலையில்தான் இருந்தது. பிள்ளை கையை நீட்டிச் சிரித்தது அப்பாவுக்கு. இதை மகனிடம் சொன்னபோது, "பார்த்தீங்களாம்மா, எல்லாத்துக்கும் காரணம் இருக்கு" என்றான். இருக்கும். அவன் சிரிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. என் காதில் விழுந்ததற்கு நான் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் இருந்து வந்தபோது, புது வேலைக்கு நேரத்தோடு எழுந்து போக ஒரு மணியடிக்கும் கடிகாரம் வாங்கி வந்தார். அவர் தூங்கியதும் அதை எடுத்து, அந்த வேளைக்கு மணி வைத்து, என் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொள்வேன். அடித்ததும் அமுக்கிவிட்டு எழுந்து, மூலையில் போய்த் தரையில் உட்கார்வேன். அவரும் மகனும் நன்றாகத் தூங்குவார்கள். ஒரு மாதம் அப்படி எழுந்து உட்கார்ந்தேன். போ என்று நான் சொல்லவேயில்லை. அவள் வரவில்லை.